மியூனிக்கிலிருந்து ஒரு வார இறுதி: சால்ஸ்பர்க்கா, பிராக்கா, வியன்னாவா?

மியூனிக்கில் படிக்க வருகிறவர்களுக்கு முதல் செமஸ்டர் பாதியைத் தாண்டுவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். பக்கத்து அறைக்காரர் பிராக் போய்வந்து வரிசையாகப் படம் போடுவார். கூடப் படிக்கிற இன்னொருவர் வியன்னாவை விட்டால் வேறு ஊரே இல்லை என்பார். சீனியர் யாராவது, "முதல்ல சால்ஸ்பர்க் போங்க, தனியா டிக்கெட்டே எடுக்க வேண்டாம்" என்பார். மூவர் சொல்வதும் சரிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எத்தனை மணிக்கு, என்ன நிலையில் அறைக்குத் திரும்பினோம் என்பதை மூவருமே சொல்ல மாட்டார்கள்.

வார இறுதிப் பயணத்தைத் திரும்பி வருகிற நேரத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும் என்பது என் கட்சி. திங்கள் காலை எட்டு மணிக்கு லேப் இருக்கிறவரும், திங்கள் முழுக்க வகுப்பே இல்லாதவரும் ஒரே ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஊரின் அழகை வைத்து ஒப்பிட உட்கார்ந்தால் முடிவே வராது. மூன்றும் அழகான ஊர்கள்.

சரி, மணிக்கணக்கைப் பார்ப்போம். சால்ஸ்பர்க்குக்கு வட்டார ரயிலில் ஏறக்குறைய 1 மணி 50 நிமிடம். வியன்னாவுக்கு ரயில்ஜெட் என்கிற ஆஸ்திரிய விரைவு ரயிலில் 4 மணி நேரம். பிராகுக்குப் பேருந்தில் 5 மணி நேரத்தை ஒட்டி வரும். ரயிலில் அதைவிட அரை மணி முதல் ஒரு மணி வரை கூடுதல். இதெல்லாம் நிலையத்திலிருந்து நிலையத்துக்கு. கார்ஹிங் மாதிரிப் புறநகர்ப் பக்கம் அறை எடுத்திருக்கிறவர் முன்னால் ஒரு மணி நேரத்தைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை 4 மணிக்கு வகுப்பு முடிந்து, பையோடு கிளம்பினால் வியன்னாவில் இரவு ஒன்பது ஒன்பதரைக்கு இறங்கலாம். பிராகில் பதினொன்று, தாமதமானால் நள்ளிரவு. சால்ஸ்பர்க்குக்கு வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டுச் சனிக்கிழமை காலையில் எழுந்து போனாலே போதும்.

கிளம்புமுன் தாள்கள்

ஊரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சிலருக்கு இதுவே முடிவைச் சொல்லிவிடும். ஜெர்மன் வதிவிட அட்டை கையில் இருந்தால், 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளில் தனி விசா இல்லாமல் சுற்றலாம். சால்ஸ்பர்க்கும் வியன்னாவும் இருக்கும் ஆஸ்திரியா, பிராக் இருக்கும் செக் குடியரசு இரண்டும் இதில் அடக்கம். படிக்க வந்தபோது கொடுத்த நீண்டகால விசா இன்னும் செல்லுபடியாகிற நாட்களிலும் அப்படியே.

சிக்கல் புதுப்பிக்கக் கொடுத்திருப்பவர்களுக்குத்தான். அட்டை காலாவதியாகி, வெளிநாட்டவர் அலுவலகம் இடைக்காலமாகக் கொடுக்கும் ஃபிக்ஸியோன்ஸ்பெஷைனிகுங் மட்டும் வைத்திருப்பவர், அதை நம்பி எல்லை தாண்டுவதற்கு முன் அந்த அலுவலகத்திலேயே எழுதிக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. அந்தத் தாள் ஜெர்மனியில் தங்குவதற்கானது. அடுத்த நாட்டுக் காவலர் அதை எப்படிப் பார்ப்பார் என்பது வேறு விஷயம். இந்த நிலையில் இருப்பவர்கள் மூன்று ஊரையும் தள்ளிவைத்துவிட்டு ரேகன்ஸ்பர்க், நியூரம்பர்க், பெர்ஷ்டெஸ்காடன் பக்கம் போய்வரலாம். குறைச்சலே இல்லை.

அட்டை இருப்பவர்களும் பாஸ்போர்ட்டையும் அட்டையையும் சேர்த்து எடுத்துப் போக வேண்டும், போனில் படம் போதாது. ஷெங்கனுக்குள் எல்லைச் சோதனை கிடையாது என்று நாம் படித்திருந்தாலும், ஆஸ்திரிய எல்லையில் ஜெர்மனி 2015 முதலே சோதனை வைத்திருக்கிறது. 2024 செப்டம்பரிலிருந்து எல்லாத் தரைவழி எல்லைகளிலும் விரிவாக்கியது. திரும்பும் வழியில் ஃப்ரைலாசிங்கில் ரயில் நின்று, காவலர்கள் பெட்டி பெட்டியாக வருவது சாதாரணம். பிராகிலிருந்து வரும் பேருந்தை வைட்ஹவுஸ் பக்கம் ஓரங்கட்டச் சொல்வதும் உண்டு. பேருந்து முழுக்கக் கடவுச்சீட்டு பார்த்து முடிக்க அரை மணி நேரம் போகலாம். ஞாயிறு இரவுக் கணக்கில் இதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சால்ஸ்பர்க்: செலவு இல்லாத வெளிநாடு

ஜெர்மனி முழுக்க வட்டார ரயில், பேருந்துகளில் போக உதவும் மாத டிக்கெட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் சால்ஸ்பர்க் மத்திய நிலையம் வரைக்கும் செல்லும். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2025-இல் 58, 2026-இல் 63 என்று விலை ஏறிவிட்டாலும், மாணவர்களில் பலர் ஏதோ ஒரு சலுகை வடிவில் அதை எப்படியும் வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் சால்ஸ்பர்க் போய்வர ரயில் செலவு பூஜ்யம். டிக்கெட் இல்லாத நண்பர்கள் வேறு ஊரிலிருந்து வந்திருந்தால் பவேரிய மாநிலத்துக்கான ஒருநாள் டிக்கெட்டான பயர்ன் டிக்கெட் எடுக்கலாம். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட், அதுவும் சால்ஸ்பர்க் வரை செல்லும், சனி ஞாயிறுகளில் மற்ற நாட்களைப் போலக் காலை 9 மணி வரை காத்திருக்கவும் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க்குக்கு ரயில்ஜெட்டும் போகிறது, வேகமாகவும் போகிறது. டாய்ச்லாண்ட் டிக்கெட் அதில் செல்லாது. பலகையில் ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து ஏறிவிட்டால் பரிசோதகர் குறைந்தது 60 யூரோ வாங்காமல் விடமாட்டார். ஆர்ஈ என்று போட்டிருக்கும் வட்டார ரயில்தான் நம்முடையது. சனிக்கிழமை காலையில் அது நிரம்பி வழியும், பனிக்காலத்தில் பனிச்சறுக்குப் பலகைகளோடு வேறு. மத்திய நிலையத்திலேயே போய் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். கிழக்கு நிலையம் பக்கம்தானே என்று அங்கே ஏறுகிறவர்கள் ரோசன்ஹைம் வரை நிற்கத் தயாராக இருக்க வேண்டும். போகும்போது இடது பக்கம் உட்கார்ந்தால் கீம்ஸே ஏரி தெரியும், வலது பக்கம் மலை. நான் மலைக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

சால்ஸ்பர்க் நிலையத்திலிருந்து பழைய நகரம் இருபது இருபத்தைந்து நிமிட நடை. மிராபெல் தோட்டத்தைக் கடந்து, சால்சாக் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கெட்ரைடெகாஸெ. மோட்சார்ட் 1756-இல் பிறந்த வீடு அந்தத் தெருவில் 9-ஆம் எண். மேலே 1077-இல் கட்டத் தொடங்கிய ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டை. கோட்டைக்குக் கட்டணம் உண்டு. காசு கொடுக்க மனமில்லாதவர்கள் ஆற்றின் இந்தப் பக்கம் இருக்கும் கபுட்சினர்பெர்க் குன்றில் ஏறலாம். கோட்டையைக் கோட்டைக்குள் இருந்து பார்க்க முடியாது, இங்கிருந்து முழுசாகப் பார்க்கலாம். படிக்கட்டு கொஞ்சம் மூச்சு வாங்க வைக்கும்.

இந்த ஊரை ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்பது இதன் பலம், இரவு தங்கினால் அதுவே பலவீனம். படுக்கை விலை ஊரின் அளவுக்குப் பொருந்தாமல் அதிகம். ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய நடக்கும் சால்ஸ்பர்க் விழா நாட்களில் கேட்கவே வேண்டாம். 1920-இலிருந்து நடக்கிற இசை நாடக விழா அது, உலகமெங்கிலுமிருந்து வசதியானவர்கள் வந்து இறங்குவார்கள். தங்கித்தான் ஆக வேண்டுமென்றால் எல்லைக்கு இந்தப் பக்கம் ஃப்ரைலாசிங்கில் தேடிப் பாருங்கள், சில நிமிட ரயில் தூரம்தான். அப்படித் தங்கினால் ஞாயிற்றுக்கிழமை பெர்ஷ்டெஸ்காடன் வரை ரயிலிலும், அங்கிருந்து கோனிக்ஸே ஏரிக்குப் பேருந்திலும் அதே டிக்கெட்டில் போய்வரலாம். ஊர் ஒரு நாள், ஏரி ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் மூன்றில் மிகக் குறைந்த செலவில் மிக நிறைவான வார இறுதி இதுதான். மழை பெய்தால் மட்டும் திட்டம் படுத்துவிடும். சால்ஸ்பர்க் மழைக்குப் பேர்போன ஊர், தூறத் தொடங்கினால் நாள் முழுக்கத் தூறும். முந்தின நாள் வானிலையைப் பார்த்துவிட்டுப் போகாமல் இருக்கவும் நமக்கு உரிமை இருக்கிறது, டிக்கெட் காசு ஒன்றும் வீணாகவில்லையே. மற்ற இரண்டு ஊருக்கும் இந்த வசதி கிடையாது.

பிராக்: மலிவுதான், பர்ஸைப் பார்த்துக்கொண்டால்

நான்கு பேர் சேர்ந்து போவதாக இருந்தால் நான் பிராகைத்தான் சொல்வேன். தங்குமிடம் மற்ற இரண்டு ஊரையும்விடப் பொதுவாக மலிவு, சாப்பாடும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறந்திருக்கும் என்பது, பவேரிய ஞாயிறுகளில் பூட்டின ஷட்டர்களையே பார்த்துப் பழகியவர்களுக்குத் தனி சந்தோஷம்.

ஆனால் அங்கே யூரோ கிடையாது, கொருனா. ஒரு யூரோவுக்கு 24, 25 கொருனா என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் பணத்தை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தெருவில் ஒருவர் வந்து நல்ல விலைக்கு மாற்றித் தருகிறேன் என்பார். கையில் திணிப்பது வேறு நாட்டின் செல்லாத நோட்டாக இருக்கும். கவுன்ட்டர்களில் 'கமிஷன் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, விற்கிற விலையைப் பலகையில் காட்டிவிட்டு, வாங்குகிற விலையைச் சிறிய எழுத்தில் ஒளித்திருப்பார்கள். இதற்கு ஒரு சட்டப் பாதுகாப்பு இருக்கிறது: 2019-இலிருந்து செக் சட்டப்படி, 1000 யூரோ வரை மாற்றினால் மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு திரும்பிப் போய் அந்தப் பரிமாற்றத்தை ரத்து செய்யலாம். ரசீதை வாங்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நோட்டே மாற்றாமல் இருப்பது இன்னும் நல்லது. டிராமுக்குள்ளேயே கார்டைத் தட்டி டிக்கெட் எடுக்கலாம், சின்னக் கடைகளிலும் கார்டு ஓடும். கார்டு இயந்திரமோ ஏடிஎம்மோ "யூரோவில் கழிக்கட்டுமா, கொருனாவில் கழிக்கட்டுமா" என்று கேட்கும்போது கொருனாவையே அழுத்த வேண்டும். யூரோ என்று அழுத்தினால் மாற்று விலையை இயந்திரக்காரர் வைப்பார், அதில் நமக்கு லாபம் வந்ததாகச் சரித்திரமே இல்லை. தாள் டிக்கெட் எடுத்தால் மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்துங்கள். பரிசோதகர்கள் சாதாரண உடையில்தான் வருவார்கள். டிக்கெட் இருக்கிறது, முத்திரைதான் இல்லை என்ற வாதம் அவர்களிடம் எடுபடாது.

ஊரைப் பற்றி: சார்லஸ் பாலத்துக்கு 1357-இல் அடிக்கல் நாட்டினார்கள், ஓரங்களில் 30 சிலைகள். பகல் பதினொரு மணிக்கு அங்கே போனால் முன்னால் போகிறவரின் முதுகுப் பையைத்தான் பார்க்கலாம். வெள்ளி இரவு தாமதமாக வந்து சேர்ந்தாலும் பரவாயில்லை, சனிக்கிழமை ஆறரை மணிக்கு எழுந்து போய்விடுங்கள். புகைப்படத்துக்கு வந்த கல்யாண ஜோடிகளைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். பழைய நகரச் சதுக்கத்தின் வானியல் கடிகாரம் 1410-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மணிக்கொரு முறை பொம்மைகள் வரும் காட்சியைப் பார்க்கக் கூட்டம் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். அது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நான் அந்த நேரத்தில் கீழே இருக்கும் முகப்பைப் படிக்கச் சொல்வேன். சூரியன் எந்த ராசியில் இருக்கிறது, நிலாவின் பிறை எவ்வளவு, எல்லாம் அதில் ஓடிக்கொண்டிருக்கிறது. மெக்கானிக்கல் படிப்பவர்களுக்குப் பொம்மையைவிட இதுதான் விருந்து. சதுக்கத்துக்கு எதிரில் இருக்கும் டீன் தேவாலயத்தில் வானியலாளர் டைக்கோ பிராஹேவின் கல்லறை இருக்கிறது, 1601-இல் இந்த ஊரில்தான் இறந்தார்.

எந்த நாளில் எதைப் பார்ப்பது என்பதில் பிராக் கொஞ்சம் கறார். யூத அருங்காட்சியகத்தின் கீழ் வரும் பழைய ஜெபக்கூடங்களும் கல்லறைத் தோட்டமும் சனிக்கிழமை மூடியிருக்கும். கோட்டைக்குள் இருக்கும் புனித வைட்டஸ் பேராலயத்தில் ஞாயிறு காலை பூசை நடக்கும், பார்வையாளர்களை நண்பகலுக்கு மேல்தான் விடுவார்கள். ஆகவே கோட்டை சனிக்கிழமை, யூதர் பகுதி ஞாயிற்றுக்கிழமை. மாற்றிப் போட்டால் இரண்டும் போச்சு. கோட்டைக்கு 22-ஆம் எண் டிராம் மேலே வரை கொண்டுபோய் விடும். திரும்பும்போது நடந்து இறங்கலாம்.

சக்கரம் வைத்த சூட்கேஸ் வேண்டாம். ஊர் முழுக்கக் கல் பாவிய தெரு, இரவு பன்னிரண்டு மணிக்கு அதை இழுத்துக்கொண்டு போனால் தெருவே எழுந்துவிடும்.

சைவர்களுக்குப் பிராக் கொஞ்சம் சோதனைதான். பாரம்பரியச் சாப்பாட்டுக் கடைகளில் பன்றியும் மாடும் வாத்தும் நிறைந்த பட்டியலில், பொரித்த பாலாடைக்கட்டி ஒன்று எப்படியும் இருக்கும், ஸ்மஜேனி சீர் என்று கேளுங்கள். உருளைக்கிழங்கோடு தருவார்கள், நன்றாகவே இருக்கும், ஆனால் இரண்டு வேளை அதையே சாப்பிட முடியாது. சுற்றுலாத் தெருக்களில் கம்பியில் சுற்றிச் சுடும் ட்ர்டெல்னீக்கைப் பழைய பொஹீமியத் தின்பண்டம் என்று விற்பார்கள். சர்க்கரை தூவிய ரொட்டி, சுடச்சுடச் சாப்பிடலாம், அந்தப் பழம்பெருமையை மட்டும் நம்ப வேண்டாம். பயணச் சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போகிறவர்களை நான் கிண்டல் செய்ய மாட்டேன். ஐந்து மணி நேரப் பேருந்தில் அவர்கள்தான் எல்லோருக்கும் நண்பர்கள்.

பேருந்தா ரயிலா என்றால், போகும்போது பேருந்து, நேரம் மிச்சம். மியூனிக்கில் ஹாக்கர்ப்ரூக்கெ பக்கத்துப் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பி, பிராகில் ஃப்ளோரென்ஸ் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடும். ரயில் ரேகன்ஸ்பர்க், பில்சன் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். ஆனால் கை கால் நீட்ட இடம் உண்டு. அப்புறம் ஒரு சிக்கனம்: வட்டார ரயிலாக ஓடும் சேவையில் எல்லை ஊரான ஃபுர்த் இம் வால்ட் வரை டாய்ச்லாண்ட் டிக்கெட்டே போதும், அங்கிருந்து பிராக் வரைக்கும் செக் டிக்கெட் தனியாக எடுத்தால் போதும். கடைசி நேரத்தில் பேருந்து விலை எகிறியிருக்கும்போது இது கைகொடுக்கும்.

வியன்னா: முன்கூட்டியே முடிவெடுப்பவர்களுக்கு

வியன்னாவின் செலவு ஊரில் இல்லை, டிக்கெட் எடுக்கிற தேதியில் இருக்கிறது. ஆஸ்திரிய ரயில்வேயின் ஸ்பார்ஷீனெ சலுகை டிக்கெட்டைச் சில வாரங்கள் முன்னால் எடுத்தால் ஒரு வழிக்கு 30, 40 யூரோ பக்கம் கிடைக்கும். வியாழக்கிழமை ராத்திரி யோசனை வந்து வெள்ளிக்கிழமைக்கு எடுத்தால் அது 100 யூரோவைத் தொட்டு நிற்கும். சலுகை டிக்கெட் அந்தக் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான், ரத்து செய்தால் காசு வராது. வீட்டுப்பாடம் கடைசி நேரத்தில் தலையில் விழுகிற பழக்கமுள்ள துறைக்காரர்கள் இதை யோசித்துச் செய்ய வேண்டும். 26 வயது நிறையாதவர்கள் அடிக்கடி ஆஸ்திரியா போவதாக இருந்தால் இளைஞர்களுக்கான ஃபோர்டைல்ஸ்கார்ட் என்ற சலுகை அட்டை ஒன்றை எடுத்துவைத்துக்கொள்ளலாம்.

இங்கேயும் டாய்ச்லாண்ட் டிக்கெட் தந்திரம் ஒன்று எல்லோருக்கும் தெரியும்: சால்ஸ்பர்க் வரை இலவசமாகப் போய், அங்கிருந்து வியன்னாவுக்கு மட்டும் டிக்கெட். இரண்டரை மணி நேரப் பயணம், ஆஸ்திரிய ரயில்வேயும் வெஸ்ட்பான் என்ற தனியார் நிறுவனமும் போட்டி போட்டு ஓட்டுகின்றன, விலை இறங்கிக் கிடைக்கும். நானும் இதைச் சிபாரிசு செய்வேன், ஒரு நிபந்தனையோடு. இரண்டு டிக்கெட்டும் தனித்தனி. மியூனிக் ரயில் தாமதமாகி, சால்ஸ்பர்க்கில் உங்கள் வண்டி போய்விட்டால் அடுத்ததில் ஏற்றிவிட வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் தவறிய இணைப்புக்கு அவர்கள்தான் பொறுப்பு. சேர வேண்டிய இடத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் கட்டணத்தில் 25 விழுக்காடு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் 50 விழுக்காடு திருப்பிக் கேட்கலாம் என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. தந்திரம் செய்கிறவர்கள் சால்ஸ்பர்க்கில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். போகும்போது செய்யலாம். ஞாயிறு இரவு திரும்பும்போது இதைச் செய்வது எனக்குப் பிடிக்காது, திங்கள் காலையை அடகு வைப்பதற்கு அந்தச் சேமிப்பு போதாது.

ஊருக்குள் போய்விட்டால் வியன்னா பையை அவ்வளவாகக் கடிக்காது. ஷோன்ப்ருன் அரண்மனைக்குள் போகக் கட்டணம், தோட்டத்துக்கு இல்லை. மேலே குளோரியட் மண்டபம் வரை ஏறி நகரத்தைப் பார்க்கலாம். தெருவோரக் குழாயில் வருவது ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீர், 1873-இலேயே குழாய் போட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள். பாட்டில் வாங்கினால் வீண் செலவு. வெள்ளி சனி இரவுகளில் மெட்ரோ விடிய விடிய ஓடுவதால் தங்குமிடத்தை நடுநகரில் தேட வேண்டிய கட்டாயம் இல்லை, நாலைந்து நிறுத்தம் தள்ளி எடுத்தால் விலை சட்டென்று குறையும்.

அருங்காட்சியகங்களில்தான் கணக்கு கொஞ்சம் இடிக்கும். அரசு அருங்காட்சியகங்கள் 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம் என்பதைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட வேண்டாம், முதுநிலை படிக்க வந்த நமக்கு அது பொருந்தாது. மாணவர் சலுகைக்கும் சில இடங்களில் வயது வரம்பு உண்டு, அட்டையை நீட்டுமுன் பலகையைப் படித்துவிடுங்கள். ஒன்றே ஒன்றுக்குத்தான் காசு என்றால் நான் கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பேன். புரூகல் ஓவியங்கள் உலகிலேயே அதிகமாக ஒரே கூரையின் கீழ் இருப்பது அங்கேதான். பாபேல் கோபுரம், பனியில் வேட்டைக்காரர்கள் இரண்டும் ஒரே அறையில். கிளிம்ட்டின் 'முத்தம்' பார்க்க வேண்டுமென்றால் மேல் பெல்வெடேர் அரண்மனைக்குப் போக வேண்டும், அது தனிக் கட்டணம்.

இன்னொன்று, வியன்னாவுக்கு மட்டுமே உரியது. அரசு ஓப்பராவில் உட்கார்ந்து பார்க்க நூற்றுக்கணக்கில் கேட்கிற அதே நிகழ்ச்சியை, நின்று பார்க்க 20 யூரோவுக்குள் டிக்கெட் கொடுக்கிறார்கள். அன்றன்றைக்கு விற்பார்கள், கொஞ்சம் வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே போய் இடம் பிடித்தவுடன் முன்னால் இருக்கும் கம்பியில் ஒரு மஃப்ளரைக் கட்டிவிட்டால் அந்த இடம் உங்களுடையது, நம் ஊர்ப் பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது போலத்தான். இடைவேளைக்கு வெளியே போய்வந்தாலும் யாரும் அதை அவிழ்க்க மாட்டார்கள். பாடுவது என்னவென்று கம்பியில் பொருத்திய சின்னத் திரையில் மொழிபெயர்ப்பு ஓடும். இசை தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஒரு அங்கம் பார்த்துவிட்டுக் கால் வலித்தால் கிளம்பிவிடலாம், அவ்வளவு குறைந்த விலை. ஆனால் செப்டம்பர் முதல் ஜூன் வரைதான் சீசன். ஜூலை, ஆகஸ்டில் ஓப்பரா மூடியிருக்கும்போது வியன்னாவின் பாதிக் காரணம் போய்விடுகிறது, வெயிலும் கொளுத்தும். அந்த மாதங்களில் வியன்னாவைத் தள்ளிவைப்பது நல்லது.

இயற்பியல், இயந்திரவியல் ஆட்களுக்கு: 71-ஆம் எண் டிராம் பிடித்து மத்தியக் கல்லறைத் தோட்டம் போங்கள். பேத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் எல்லோரும் அருகருகே இருக்கிறார்கள், பயணிகள் அங்கே கூடுவார்கள். அங்கேயே இயற்பியலாளர் போல்ட்ஸ்மனின் கல்லறையும் இருக்கிறது. மார்பளவுச் சிலைக்கு மேலே என்ட்ரோபிச் சமன்பாட்டைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். தெர்மோடைனமிக்ஸில் அரியர் வைத்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதில் தனி நியாயம் இருக்கிறது.

மற்ற ஊர்கள் ஏன் இல்லை

சூரிக் பக்கம்தான், ஆனால் சுவிஸ் ஃப்ராங்கில் எல்லாமே விலை, சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால் போன் ரோமிங்கும் சில ஜெர்மன் சிம்களில் அப்படியே ஓடாது. வெனிஸ் ரயிலில் ஆறரை ஏழு மணி நேரம், புடாபெஸ்ட்டும் ஏழு மணி நேரத்தை ஒட்டி. இரண்டும் நீண்ட விடுமுறை சேர்ந்து வரும் வாரத்துக்கானவை. பாரிஸ் இரண்டு நாளில் போய்வருகிற ஊரே இல்லை. லண்டனுக்கு ஷெங்கன் அட்டை உதவாது, தனி விசா.

நான் எப்படிப் பிரிப்பேன்

தனியாகப் போகிறவருக்கு வியன்னா. அருங்காட்சியகம், ஓப்பரா, காபிக்கடை எல்லாமே தனி ஆளுக்கு ஏற்றவை, ராத்திரி தனியாக மெட்ரோவில் திரும்புவதும் சிரமமில்லை. பிராகில் தனியாகப் போனால் படுக்கை மலிவாகக் கிடைக்கும், ஆனால் இரவில் தங்குமிடம் இரைச்சலாக இருக்கும். மலிவான பீருக்காகவே கும்பல் கும்பலாக வருகிற ஊர் அது. நாலு பேர் சேர்ந்தால் ஒரு சின்ன அடுக்கக வீட்டையே எடுத்து, சமையலறையில் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம். அப்போது பிராகை அடித்துக்கொள்ள ஆளில்லை. டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைக் காலத்தில் மட்டும் இந்தக் கணக்கு மாறும், பிராகில் விலை ஏறிவிடும், சதுக்கத்தில் நகர முடியாது. டிசம்பரில் சால்ஸ்பர்க்குக்கு ஒரு நாள் போய்ச் சந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

ஜனவரி கடைசி, பிப்ரவரியில் தேர்வுகள் நெருங்கும்போது சால்ஸ்பர்க்கைத் தவிர வேறெதையும் நினைக்கக் கூடாது. சனிக்கிழமை பத்து மணிக்குக் கிளம்பினாலும் ராத்திரி அறைக்கு வந்து படுக்கலாம், ஞாயிறு முழுக்கப் படிக்க மிச்சம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் இருக்கிற பகுதிநேர வேலைக்காரர்களுக்கும் இதுதான்.

முதல் செமஸ்டரில் எங்கே என்று கேட்டால் சால்ஸ்பர்க். எல்லைச் சோதனை, ரயில் வகை, டிக்கெட் எங்கே செல்லும் எங்கே செல்லாது என்பதெல்லாம் காசு போகாமல் பழகிவிடும். இரண்டாம் செமஸ்டரில், கூடப் போக ஆட்கள் கிடைத்த பிறகு, மே மாதம் பிராக். பகல் நீளம், குளிரும் விட்டிருக்கும்.

வியன்னாவை, அப்பா அம்மா பார்க்க வரும்போதைக்கு ஒதுக்கி வைக்கிறவர்களும் உண்டு, அது நல்ல யோசனைதான். அவர்கள் வருவது ஷெங்கன் விசாவில், ஒருமுறை நுழைவு விசாவாகவே இருந்தாலும் ஆஸ்திரியா போய்த் திரும்ப அதுவே போதும். மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது, டிராமில் படி ஏற வேண்டியதில்லாத வண்டிகள் வந்துவிட்டன, பூங்காவுக்குப் பூங்கா பெஞ்சு இருக்கிறது. பிராகின் கல் தெருக்களில் முழங்கால் வலிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போவது பாவம். அவர்களோடு போவதாக இருந்தால் சலுகை டிக்கெட்டோடு இருக்கை முன்பதிவையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். டிக்கெட் இருந்தாலும் வெள்ளி மாலை ரயில்ஜெட்டில் இருக்கை உறுதியில்லை, நான்கு மணி நேரம் கதவோரம் நிற்பது நமக்குச் சரி, அவர்களுக்கு முடியாது.